ஆர்க்கெஸ்ட்ராவில் புல்லாங்குழல் வாசித்தால் பிழைப்பு ஓடுமா? பல்லடம் முதல் பெர்லின் வரை ஒரு பார்வை

"பையன் ஆர்க்கெஸ்ட்ராவுல ஃப்ளூட் வாசிக்கிறானுங்க" என்று திருப்பூரில் ஒருவர் சொன்னால், உங்கள் மனதில் என்ன படம் ஓடும்? கோயில் திருவிழா மேடை, கலர் கலராக சீரியல் லைட், எஸ்.பி.பி குரலில் பாடும் ஓர் அண்ணன், ஓரமாக மைக் முன்னால் நிற்கும் புல்லாங்குழல்காரர். அதுதானே? அடுத்ததாக ஒரு கேள்வியும் வரும். "அது சரிங்க... அதுல மாசம் எவ்வளவு நிக்கும்?"

இந்தக் கேள்வியில் தப்பே இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை கறிக்கும் காய்கறிக்கும் கணக்குப் போடும் ஊர் இது. ஒரு ஷிப்ட்டா, ஒன்றரை ஷிப்ட்டா என்பதை வைத்துத்தான் இங்கே வாரமே ஓடும். அந்த ஊரில் பிள்ளை ஒரு குழலைக் கையில் எடுத்தால் பெற்றோருக்குப் பயம் வரத்தான் செய்யும். அந்தப் பயத்துக்கு "கலைக்கு விலை ஏதுங்க?" என்பது பதில் ஆகாது. இந்த வேலை என்ன, எங்கே கிடைக்கும், எப்படிப் பணம் வரும், உடம்புக்கு என்ன ஆகும் என்று நேராகப் பார்த்துவிடலாம்.

எந்த ஆர்க்கெஸ்ட்ராவைச் சொல்கிறோம்?

நம் ஊரில் ஆர்க்கெஸ்ட்ரா என்றால் மெல்லிசைக் குழு. உலகத்தின் மற்ற இடங்களில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சிம்பொனி இசைக்குழு. எண்பது, நூறு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளைப் பார்த்து வாசிப்பார்கள். நடுவே ஒருவர் குச்சி வைத்துக்கொண்டு வழிநடத்துவார். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியபோது வாட்ஸ்அப்பில் வந்த வீடியோக்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி கூட்டம்.

அதில் வயலின்காரர்கள் கும்பலாக இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால், நடுவில், இரண்டு மூன்று பேர் மட்டும் வெள்ளிபோல மின்னும் குழலை வலது பக்கமாகப் பிடித்திருப்பார்கள். அதுதான் கான்சர்ட் ஃப்ளூட். நம் மூங்கில் குழலுக்கு உறவுக்கார வாத்தியம்தான். ஆனால், விரலால் துளையை மூடுவதற்குப் பதிலாக, உலோக மூடிகளை விசை மூலம் அழுத்த வேண்டும். இன்று புழக்கத்தில் இருக்கும் அந்த விசை அமைப்பை ஜெர்மனியின் தியோபால்ட் போம் 1847-ல் வடிவமைத்தார். நீளம் சுமார் 67 சென்டிமீட்டர்.

அவர்களில் ஒருவர் கையில் மட்டும் இன்னும் சின்னதாக ஒன்று இருக்கும். நீளம் 32 சென்டிமீட்டர்தான், பள்ளிக்கூட ஸ்கேலைவிடக் கொஞ்சம் பெரிது. அதுதான் பிக்கோலோ. இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சின்னது' என்றுதான் அர்த்தம். ஃப்ளூட்டைவிட ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். அந்த இசைக்குழுவிலேயே மிக உச்சத்தில் கேட்கும் குரல் பெரும்பாலும் இதுதான்.

சின்னக் குழல், பெரிய பொறுப்பு

இந்த வேலையின் கஷ்டம் என்ன என்று புரிய, உங்கள் பனியன் கம்பெனி லைனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தோள் ஜாயின்ட், ஒருவர் கழுத்துப் பட்டி, ஒருவர் கை ஏற்றுவது. கை ஏற்றும் டைலர் ஒருநாள் வரவில்லை என்றால் லைனே நிற்கும். இசைக்குழுவில் வயலின் பிரிவில் ஒரே வரியைப் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து வாசிப்பார்கள். ஒருவர் தடுமாறினால் மற்றவர்கள் மூடிவிடுவார்கள். ஃப்ளூட்டிலும் பிக்கோலோவிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி. உங்கள் சுரத்தை வாசிக்க வேறு ஆளே கிடையாது. அதுவும் பிக்கோலோவில் ஒரு சுரம் பிசகினால், கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பவருக்கும் தெரிந்துவிடும்.

அடுத்தது, காத்திருப்பது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி 1808 டிசம்பர் 22-ம் தேதி வியன்னாவில் முதன்முதலாக அரங்கேறியது. அதில் பிக்கோலோவுக்கு முதல் மூன்று பகுதிகளில் வேலையே இல்லை. கடைசிப் பகுதியில்தான் வர வேண்டும். அதாவது, இருபது நிமிடத்துக்கு மேல் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று மொத்தக் குழுவின் உச்சியில் ஏறிப் பாட வேண்டும். அதற்குள் குழல் குளிர்ந்திருக்கும். குளிர்ந்த குழலில் சுருதி இறங்கும். அதனால் வாசிப்பவர் சத்தம் வராமல் உள்ளே மூச்சை விட்டு, குழலைச் சூடாக வைத்துக்கொண்டே, எத்தனை அளவு தாளம் போயிற்று என்று எண்ணிக்கொண்டே இருப்பார். பார்க்கிறவர்களுக்குச் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும். அந்தச் சும்மா இருப்பதும் வேலையில் சேர்த்திதான்.

நம்ம ஊருக்கும் குழலுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்குங்க. திருப்பூரில் இருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரச் சொச்சத்தில் வரும் பல்லடம். இன்று அந்தப் பெயரைக் கேட்டால் விசைத்தறியும் கறிக்கோழியும்தான் ஞாபகம் வரும். ஆனால், கர்நாடக சங்கீத உலகத்தில் 'பல்லடம்' என்றால் ஒரு புல்லாங்குழல். பல்லடம் சஞ்சீவ ராவ், 1882-ல் பிறந்தவர். கும்பகோணத்தில் இருந்த சரப சாஸ்திரியிடம் குழல் கற்றார். சரப சாஸ்திரி கண்பார்வை இல்லாதவர். கர்நாடகக் கச்சேரி மேடையில் புல்லாங்குழலைத் தனி வாத்தியமாக உட்கார வைத்த பெருமை அவருக்குத்தான் சொல்லப்படுகிறது. குருவும் சிஷ்யரும் சேர்ந்து போட்ட பாதையில்தான் பின்னாளில் மாலி வந்தார், என். ரமணி வந்தார். 1943-ல் சஞ்சீவ ராவுக்கு மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது.

அவர் சிம்பொனி வாசித்தவர் இல்லை. அவருடையது தனிக் கச்சேரிப் பாதை. ஆனால், அந்தக் கதையில் இன்றைக்கும் பொருந்தும் ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளூரில் வித்தை இல்லை என்றால், வித்தை இருக்கும் ஊருக்குப் போய்தான் ஆக வேண்டும். அன்று அது கும்பகோணம். இன்று சென்னை, மும்பை, அதற்கப்பாலும் இருக்கலாம்.

மில் தொழிலாளியின் மகன்

"அதெல்லாம் வசதியானவங்க பிள்ளைகளுக்குங்க" என்று நீங்கள் நினைத்தால், ஜேம்ஸ் கால்வேயைத் தெரிந்துகொள்ளுங்கள். 1939-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். அந்த ஊரும் திருப்பூர் மாதிரிதான், நூலும் துணியும் சோறு போட்ட ஊர். அவருடைய அம்மா ஆளி நார் நூற்கும் மில்லில் நூல் சுற்றும் தொழிலாளி. அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். பிறகு இரவு ஷிப்ட்டில் பஸ் கழுவினார். அப்பாவும் ஃப்ளூட் வாசிப்பார். தெருவில் அணிவகுக்கும் ஃப்ளூட் பேண்டுகளில்தான் கால்வேயின் வாசிப்பு வளர்ந்தது. 14 வயதில் படிப்பை நிறுத்திவிட்டு, பியானோ ரிப்பேர் செய்பவரிடம் வேலைக்குச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு உதவித்தொகையும் ஆசிரியர்களும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் கொண்டு போனார்கள். லண்டன் இசைக்குழுக்களில் வாசித்தார். 1969-ல் உலகின் உச்ச இசைக்குழுக்களில் ஒன்றான பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கில் முதன்மை ஃப்ளூட் கலைஞர் ஆனார். 1975-ல் அந்த நிரந்தர வேலையை விட்டுவிட்டுத் தனிக் கலைஞராகக் கிளம்பினார். 'லார்டு ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் கேட்ட குழலோசையில் அவர் வாசித்ததும் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது அவர் திறமையை மட்டுமல்ல. அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பேண்டு இருந்தது. காசில்லாத பிள்ளைக்கும் ஒரு குழலும், சொல்லிக்கொடுக்க ஓர் ஆளும் கிடைத்தார்கள். நம் பகுதியில் இல்லாதது திறமை இல்லை. இந்த ஏற்பாடுதான்.

சென்னை: கால்ஷீட் கணக்கு

தமிழ்நாட்டில் ஆர்க்கெஸ்ட்ரா குழல் வாசித்துக் குடும்பம் நடத்தியவர்கள் இருக்கிறார்களா? இருக்கிறார்கள். சினிமா ரெக்கார்டிங் தியேட்டர்கள்தான் அவர்களின் கம்பெனி. ஒரே ஹாலில் வயலின், செல்லோ, தபேலா, கிட்டார், குழல் எல்லாம் உட்கார்ந்து, எழுதிக் கொடுத்த நோட்டேஷனைப் பார்த்து, பாடகரோடு சேர்ந்து வாசித்து, ஒரே டேக்கில் பாட்டை முடித்த காலம் உண்டு. யாராவது ஒருவர் தப்பு செய்தால் முதலில் இருந்து மறுபடியும் வாசிக்க வேண்டும். இளையராஜாவின் குழுவில் குழல் வாசித்த நெப்போலியனை உங்களுக்குப் பாடகர் அருண்மொழியாகத் தெரியும். ஏ.ஆர்.ரஹ்மானின் 'பம்பாய்' தீம் இசையில் உருகும் குழல் நவீன் குமாருடையது. பெயர் தெரிந்தவர்கள் இவர்கள். டைட்டில் கார்டில்கூடப் பெயர் வராமல் வாசித்தவர்கள் பல மடங்கு.

சம்பளம் எப்படி? மாதச் சம்பளம் கிடையாது. கால்ஷீட் கணக்கு. நம் ஊர் பீஸ் ரேட் போலத்தான். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் இல்லை. இந்தக் கலைஞர்களுக்கு நியாயமான கூலி வேண்டும் என்று சங்கம் கட்டியவர் இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன். 1984-ல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் பார்த்த திருப்பூருக்கு, சங்கம் எதற்கு என்று விளக்கத் தேவையில்லை. 2012-ல் காப்புரிமைச் சட்டத்தில் வந்த திருத்தம், பதிவு வணிகரீதியாகப் பயன்படும்போது நிகழ்த்துக் கலைஞர்களுக்கும் ராயல்டியில் உரிமை உண்டு என்று சொல்கிறது. ஆனால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைப் படித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

1990-களுக்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது. கீபோர்டிலும் கம்ப்யூட்டரிலும் குழல் சத்தம் வந்துவிட்டது. ஹாலில் ஐம்பது பேர் உட்கார்ந்த இடத்தில், ஒருவர் தனியாக வந்து தன் பகுதியை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறார். பெரிய குழு வேண்டும் என்றால் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். இளையராஜாவின் 'திருவாசகம்' 2005-ல் புடாபெஸ்ட் சிம்பொனி இசைக்குழுவோடுதான் வந்தது. ஆகவே, 'சென்னைக்குப் போனால் சினிமா இருக்கிறது' என்ற ஒரே நம்பிக்கையில் பெட்டியைக் கட்ட வேண்டாம்.

மாதச் சம்பளம் எங்கே?

நேராகச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் முழுநேரத் தொழில்முறை சிம்பொனி இசைக்குழு என்றால், 2006-ல் மும்பையில் என்.சி.பி.ஏ அமைப்பு தொடங்கிய 'சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா'தான். அதிலும் வெளிநாட்டுக் கலைஞர்கள் அதிகம். வெளிநாட்டு இசைக்குழுக்களில் ஓர் இடம் காலியானால், அந்த ஒரு நாற்காலிக்கு நூற்றுக்கணக்கானவர்கள் வந்து நிற்பார்கள். பல ஊர்களில் முதல் சுற்றில் திரைக்குப் பின்னால் நின்று வாசிக்க வைப்பார்கள். யார், எந்த நாடு, ஆணா பெண்ணா என்பது தேர்வாளர்களுக்குத் தெரியாது. காதில் விழுவதற்கு மட்டும்தான் மதிப்பெண்.

ஆனால், பலருக்குத் தெரியாத இன்னொரு வாசல் இருக்கிறது. ராணுவ பேண்டுகள். விமானப் படையின் அக்னிவீர்வாயு இசைக்கலைஞர் தேர்வு அறிவிப்புகளில் கான்சர்ட் ஃப்ளூட், பிக்கோலோ என்று வாத்தியத்தின் பெயரே குறிப்பிடப்பட்டிருக்கும். கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு தேர்ச்சி. கடற்படையும் இசைக்கலைஞர்களை எடுக்கிறது. அவர்களுக்கான இசைப் பள்ளி மும்பையில் ஐ.என்.எஸ் குஞ்சாலியில் இருக்கிறது. தரைப்படையின் ராணுவ இசைப் பிரிவு மத்தியப் பிரதேசத்தின் பச்மரியில் இருக்கிறது. அக்னிவீர் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டுகள். அதில் 25 சதவிகிதம் பேர் வரைதான் தொடர்ந்து வைத்துக்கொள்ளப்படுவார்கள். இதையும் தெரிந்துகொண்டே முடிவு எடுங்கள். வயது வரம்பும் விதிமுறைகளும் ஒவ்வோர் அறிவிப்பிலும் மாறலாம், அதனால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்ப்பது அவசியம்.

மூன்றாவது, சொல்லிக்கொடுப்பது. உலகம் முழுக்கவே ஆர்க்கெஸ்ட்ரா கலைஞர்களில் பலர் பள்ளியிலோ வீட்டிலோ வகுப்பு எடுக்கிறார்கள். இங்கேயும் தனியார் பள்ளிகள் மேற்கத்திய இசைக்கு ஆசிரியர்களை வைக்கத் தொடங்கிவிட்டன. சர்ச் இசைக்குழு, கல்யாண மண்டபம், மாசி முதல் வைகாசி வரை கோயில் மேடைகள் எல்லாம் சேர்ந்துதான் ஒரு குழல் கலைஞரின் மாதம்.

தொடங்கணும்னா எப்படி?

மூங்கில் குழல் தெரிந்தால் நல்லது. உதடு வைக்கும் விதமும் மூச்சும் பாதி கை கொடுக்கும். ஆனால், கமகத்துக்கு விரலை அரைத் துளையில் வழுக்கும் பழக்கம், விசை வைத்த குழலில் அப்படியே செல்லாது. கோவையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. அது கர்நாடக இசைக்கான இடம். மேற்கத்திய குழலுக்குத் தனி ஆசிரியர் வேண்டும்.

நோட்டேஷன் படிப்பதுதான் சோறு. காதால் கேட்டு அப்படியே வாசிப்பது பெரிய திறமை. ஆனால், ஆர்க்கெஸ்ட்ராவில் தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கத் தெரியவில்லை என்றால் அடுத்த தடவை கூப்பிட மாட்டார்கள்.

சான்றிதழ். லண்டன் டிரினிட்டி கல்லூரியும் ஏ.பி.ஆர்.எஸ்.எம் அமைப்பும் 1 முதல் 8 வரை கிரேடு தேர்வுகள் நடத்துகின்றன. அதற்கு மேல் டிப்ளமோ. பண்ணைப்புரத்தில் இருந்து வந்த இளையராஜாவும் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, டிரினிட்டி தேர்வு எழுதியவர்தான். சென்னையில் ரஹ்மான் 2008-ல் தொடங்கிய கே.எம் இசைக் கல்லூரி இருக்கிறது. வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தரும் 'சன்ஷைன் ஆர்க்கெஸ்ட்ரா'வும் அவர் அறக்கட்டளையின் முயற்சிதான்.

குழல் வாங்குவது. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பதை அவசரப்பட்டு வாங்காதீர்கள். மூடி சரியாக உட்காராத குழலில் எவ்வளவு ஊதினாலும் சத்தம் வராது, பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். நல்ல நிறுவனத்தின் மாணவர் ரகக் குழல் என்பது, ஒரு புது ஓவர்லாக் மெஷின் வாங்குவதுபோல யோசித்து வாங்க வேண்டிய பொருள். முதல் வருடம் ஆசிரியரிடம் வாடகைக்கோ, செகண்ட் ஹேண்டிலோ பாருங்கள். பிக்கோலோவை ஆரம்பத்திலேயே எடுக்க வேண்டாம். ஃப்ளூட்டில் சுருதி நிலைத்த பிறகுதான் அது.

பக்கத்து வீடு. லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே நேரம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு சண்டை வேண்டாம்.

காது பத்திரம்ங்க!

இது திருப்பூர், பல்லடம்காரர்களுக்குக் கூடுதலாகச் சொல்ல வேண்டியது. விசைத்தறிக் கூடத்தில் பக்கத்தில் நிற்பவரிடம்கூடக் கத்திப் பேச வேண்டும். அதே ஆபத்து பிக்கோலோவிலும் இருக்கிறது. தொழிலிடச் சத்தத்துக்கு அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை, 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறைகிறது. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். உச்ச சுரங்களில் பிக்கோலோ வாசிப்பவரின் காதருகே சத்தம் அந்த 100-ஐத் தாண்டிவிடும். குழல் வலது பக்கம் நீள்வதால் வலது காதுக்குத்தான் அடி அதிகம். அதனால்தான் தொழில்முறைக் கலைஞர்கள் பயிற்சியின்போது காதடைப்பான் போடுகிறார்கள். பகலில் தறிக்கூடத்தில் வேலை பார்த்துவிட்டு, இரவில் பிக்கோலோ எடுக்கிறவர் இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போன காது திரும்பாது.

கழுத்து, தோள், இடது ஆள்காட்டி விரல், இந்த மூன்றும் அடுத்ததாக வலிக்கும் இடங்கள். பவர் டேபிளில் குனிந்தே இருப்பவர்களுக்கு வருவதுபோலத்தான். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை குழலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நடப்பது நல்லது.

சரி, பிழைப்பு ஓடுமா?

ஒரே நாற்காலியை நம்பினால் ஓடாது. லண்டனிலும் பெர்லினிலும் இருக்கும் அந்த நாற்காலிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ரெக்கார்டிங், வகுப்பு, மேடை, பேண்டு என்று நான்கு இடத்தில் கால் வைத்து, நோட்டேஷன் தெரிந்து, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவருக்கு ஓடும். திருப்பூரில் ஒரே பையரை நம்பி ஆர்டர் எடுத்து அடிபட்டவர்களைக் கேளுங்கள், இந்தக் கணக்கை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கேட்டதும் சரி என்றும் சொல்ல வேண்டாம், வேண்டாம் என்றும் சொல்ல வேண்டாம். பள்ளிப் படிப்பை நிறுத்தாமல் இரண்டு வருடம் கொடுங்கள். தினமும் ஒரு மணி நேரம், யாரும் சொல்லாமலே குழலை எடுக்கிறானா என்று பாருங்கள். எடுக்கிறாள் என்றால், அடுத்த ஆசிரியர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். எடுக்கவில்லை என்றாலும் நஷ்டம் இல்லை. குழலை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.

உங்கள் தெருவில் யாராவது ஞாயிற்றுக்கிழமை மதியம், மெஷின் எல்லாம் நின்ற பிறகு, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். நீள சுரம் பிடிப்பதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம்.